குறிப்புகள் வேண்டாம்

அத்தியாயம் 9

மேசைமேல் நாற்பத்தொரு மூக்குக்கண்ணாடிகள் வரிசையாகப் படுத்திருந்தன. மேடம் ஒவ்வொன்றாக எடுத்து மாட்டிப் பார்த்துக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தார். பதினெட்டாவதை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது அவர் கண்கள் மீன்தொட்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பவைபோலப் பெரிதாகத் தெரிந்தன.

"வால், இதுல நீ எப்படித் தெரியற தெரியுமா?"

"எப்படி மேடம்?"

"மங்கலா. ஆனா பரவால்ல, லட்சணமா இருக்க."

"அப்ப அதையே வச்சுக்குங்க மேடம். தினமும் காலைல நான் லேட்டா வரும்போது மாட்டிக்கலாம்."

மேடத்தின் துப்பறியும் அலுவலகத்தில் ஐந்து வருடமாக ஒரே உதவியாளன் அவன்தான். மேடம் எங்கே போனாலும் பின்னாலேயே போனதால் 'வால்' என்று பெயர் வந்தது. வாய்த்துடுக்குக்கும் அந்தப் பெயர் பொருந்தியதால் யாரும் அதை மாற்ற முயலவில்லை. சட்டைப் பையில் ஒரு குறிப்பேடு வைத்திருப்பான். பார்த்ததையெல்லாம் நேரம் போட்டு எழுதுவான். எழுதியதைச் சரியா என்று மூன்று முறை பார்ப்பான். அப்போதும் சந்தேகம் தீராது.

அவர்கள் இப்போது வந்திருந்த கண்ணாடிக் கம்பெனி மூன்று தளக் கட்டடம். கீழே லென்ஸ் தேய்க்கும் பட்டறை, நடுவில் அலுவலகம், மேலே வீடு. பதினான்கு கடைகளில் கண் பரிசோதனை செய்துகொள்பவர்களின் பவர் எண்கள் இங்கே வந்து சேரும். டேட்டாபேஸ் அவற்றைச் சேர்த்து வைத்து, கேட்கும்போது இயந்திரத்துக்கு எடுத்துக் கொடுக்கும். இயந்திரம் அந்தப் பவருக்கு லென்ஸ் தேய்க்கும். போன ஞாயிற்றுக்கிழமை அந்த டேட்டாபேஸைப் புது வெர்ஷனுக்கு மாற்றினார்கள். திங்கள் முதல் புதன் மாலை வரை தேய்த்ததில் நாற்பத்தொரு பேருக்குத் தவறான பவர் போய்விட்டது. ஒரு தையல்காரர் தன் விரலையே சேர்த்துத் தைத்துக்கொண்டார். ஒரு பேருந்து ஓட்டுநர் நிறுத்தத்தை விட்டுவிட்டு நடைபாதைமேல் வண்டியை ஏற்றினார். நல்லவேளை, அங்கே யாரும் நிற்கவில்லை.

"இது கை தவறி நடந்தது இல்ல மேடம். வேணும்னு பண்ணது," என்றார் முதலாளி. கண்ணாடி விற்றே தலை நரைத்தவர். அவர் மூக்கில் மட்டும் கண்ணாடி இல்லை. "என் ரெண்டு மருமகளும் இங்கதான் வேலை பாக்கறாங்க. டேட்டாபேஸைப் பதினோரு வருஷமா பெரியவ பாத்துக்கிட்டா. வெர்ஷன் மாத்தற வேலையை நான் சின்னவகிட்ட கொடுத்தேன். புதுசா படிச்சிட்டு வந்த பொண்ணு. பெரியவளுக்கு அது பொறுக்கல."

"பொறுக்கலன்னு சொன்னாங்களா?"

"சொல்லுவாளா? ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசல. திங்கக்கிழமை மதியம் ஒண்ணு பத்துக்கு டேட்டாபேஸுக்குள்ள போயிருக்கா. நாப்பது நிமிஷம் உள்ள இருந்திருக்கா. யார் எப்ப உள்ள வந்தாங்கன்னு அதுவே பதிவு பண்ணி வச்சிருக்கு. அங்க அவளுக்கு அன்னிக்கு ஒரு வேலையும் இல்ல."

"அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"அஞ்சு மணிக்குக் கேக்கப்போறதில்ல, சொல்லப்போறேன். சர்வர் ரூம் சாவியைக் கொடுத்துட்டு மாடியோட இரு, பட்டறைப் பக்கம் கால் வைக்காதேன்னு. அதுக்கு முன்னாடி நீங்க வேற ஏதாவது கண்டுபிடிச்சா கேட்டுக்கறேன்."

வால் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டான். இரண்டு பத்து.

சர்வர் அறை ஒரு கட்டில் போடுகிற அளவுதான். குளிர் மட்டும் பெரிய அறைக்கு உண்டானது. சின்னவள் அங்கே உட்கார்ந்திருந்தாள். முப்பதைத் தொடாத வயது, காதோரத்தில் ஒரு பச்சைப் பேனா. சுவரில் அவள் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. வெர்ஷன் மாற்றும் படிகள், மொத்தம் பன்னிரண்டு. பேக்கப் எடுப்பது, ஒத்திகை பார்ப்பது, பழையதை மொத்தமாக ஒரு கோப்பில் இறக்குவது, புதியதில் ஏற்றுவது, எண்ணிக்கை சரிபார்ப்பது என்று போய், பழைய கம்ப்யூட்டரை ஒரு மாதம் அப்படியே வைத்திருப்பது வரை. ஒவ்வொன்றுக்கும் எதிரே பச்சையில் ஒரு டிக்.

மேடம் அந்தத் தாளை மணமகள் புடவையைத் தடவிப் பார்ப்பதுபோல மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"எவ்வளவு நேர்த்தி. வால், பாத்தியா?"

"பாத்தேன் மேடம். டிக் கூட ஒரே சைஸ்ல இருக்கு."

"இந்தப் புது வெர்ஷன்ல அப்படி என்னம்மா விசேஷம்?" என்று மேடம் கேட்டார்.

சின்னவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "முக்கியமானது வேகம் மேடம். பழையது ஒரே ஆள் அலமாரியில தேடற மாதிரி. புதுசுல நாலு ஆள் பிரிச்சுக்கிட்டுத் தேடுவாங்க. காலைல பத்து நிமிஷம் ஆன ரிப்போர்ட் இப்ப நாப்பது செகண்ட்ல வருது. அப்புறம் பாஸ்வேர்ட் காவல் கெட்டி. பேக்கப் எடுக்கும்போது மாறினதை மட்டும் எடுத்துக்கும்."

"எனக்கே புரியற மாதிரி சொல்றியே."

"நாலு ஆள்னு சொன்னது உதாரணம் மேடம், நிஜமா ஆள் கிடையாது."

"அது எனக்குத் தெரியும்மா," என்று மேடம் சிரித்தார். அந்தச் சிரிப்பு வாலுக்குத் தெரிந்த சிரிப்பு. அவன் சேர்ந்த முதல் வருடத்தில் வாரத்துக்கு ஒரு முறையாவது அவனுக்குக் கிடைத்தது. இப்போது தீபாவளிக்குத்தான் வருகிறது என்று எழுதலாம் என்றால், போன வருடம் அதுவும் வரவில்லை. "உன்னை மாதிரி ஒருத்தி நம்ம ஆபீஸ்ல இருந்தா பாதி கேஸ் உக்காந்த இடத்துலயே முடிஞ்சிடும்."

வால் குறிப்பேட்டைப் புரட்டினான். அவன் தன்னைத்தானே கேட்டுக்கொண்டான்: இவள்மேல் எனக்குச் சந்தேகமா, எரிச்சலா? சந்தேகம் என்றால் காரணம் வேண்டும். அவன் குறிப்பேட்டில் ஒரு காரணமும் இல்லை.

"நான் குத்தம் சொல்லல மேடம்," என்றாள் சின்னவள். "பதிவு என்ன காட்டுதோ அதைத்தான் மாமாகிட்ட காட்டினேன். ஆனா உள்ள போய் அக்கா என்ன பண்ணாங்கன்னு அதுல இல்ல."

"வால், நீ கீழ பட்டறைக்குப் போய் அந்த நாப்பத்தொரு தட்டையும் பாத்துட்டு வா. நான் இங்க இவகிட்ட பேசிட்டிருக்கேன்."

"போறேன் மேடம். வால் எப்பவும் கீழதானே தொங்கும்."

மேடம் அதற்குச் சிரிக்கவில்லை. சின்னவள்தான் சிரித்தாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

பட்டறையில் வெள்ளைக் குழம்புத் தண்ணீர் தரையெல்லாம் தெறித்துக் காய்ந்திருந்தது. வியாழக்கிழமை காலையிலிருந்து இயந்திரங்கள் நின்றிருந்தன. லென்ஸ் மாஸ்டர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, வேலையில்லாத கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் துடைத்த துணியையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு ஜோடி லென்ஸுக்கும் ஒரு பிளாஸ்டிக் தட்டு. தட்டில் ஒரு சீட்டு. வாடிக்கையாளர் எண், பவர், தேய்த்த நாள், நேரம் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். வால் நாற்பத்தொன்றையும் நேர வரிசையில் அடுக்கினான். முதல் தவறு திங்கள் காலை ஒன்பது நாற்பதுக்கு. பெரியவள் உள்ளே போன ஒன்று பத்துக்கு முன்னால் மட்டும் ஒன்பது தட்டுகள். மறுபடி எண்ணினான். மூன்றாவது முறையும் எண்ணினான். ஒன்பதுதான். அவள் உள்ளே காலெடுத்து வைப்பதற்கு முன்பே தவறு தொடங்கிவிட்டது.

"மாஸ்டர், இவங்க எல்லாம் யாரு? உங்களுக்கு யாரையாவது தெரியுமா?"

"நல்லாக் கேட்டீங்க. எல்லாரையும் தெரியும். அதான் எனக்கும் விளங்கல," என்றார் மாஸ்டர். "எல்லாம் வருஷக்கணக்கா நம்மகிட்ட வர்றவங்க. மூணு நாள்ல எத்தனையோ புது ஆளுங்களுக்குத் தேச்சேன். ஒருத்தர்கூடத் திரும்பி வரல. பழைய ஆளுங்களா பாத்துத்தான் அடி விழுந்திருக்கு."

"எல்லாப் பழைய ஆளுக்குமா?"

"இல்ல. சிலருக்குச் சரியாப் போயிருக்கு, சிலருக்கு இல்ல. சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி. இன்னொண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. அந்தத் தையல்காரருக்கு வந்த பவர் இருக்கே, அது நான் மூணு வருஷம் முன்னாடி அவருக்கே தேச்சது. மத்தவங்களுக்கு வந்ததும் அவங்க பழைய பவர்தான்."

வால் சிரிக்கவில்லை. குறிப்பேட்டில் அடிக்கோடு போட்டான். மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினான். சர்வர் அறை வாசலில் கால் நின்றது. உள்ளே மேடமும் சின்னவளும் ஒரே தட்டிலிருந்து பிஸ்கட் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"வால் வர்றதுக்குள்ள நீயே கண்டுபிடிச்சிடுவ போலிருக்கே," என்று மேடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவன் உள்ளே போனான். நேரம் எழுதிய தாளைக் கிழித்து மேடத்திடம் கொடுத்தான். மேடம் அதைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கி, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

"வேற?"

பழைய ஆளுங்களுக்கு மட்டும், பழைய பவர். நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் அடுத்த நொடி மேடம் அந்தப் பக்கம் திரும்பி 'இதுக்கு என்னம்மா அர்த்தம்?' என்று கேட்பார். அவளும் சொல்லிவிடுவாள்.

"வேற ஒண்ணும் இல்ல மேடம்."

பெரியவளை அன்றைக்கு மட்டும் பேக்கிங் பிரிவில் உட்கார வைத்திருந்தார்கள். கண்ணாடி உறைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நாற்பதைத் தாண்டியவள். பேசும்போதும் கை நிற்கவில்லை.

"உங்க ஓரகத்தி வேலை எப்படி?" என்று மேடம் கேட்டார்.

"நல்லாப் பண்ணியிருக்கா."

"உங்களைக் கேட்டுத்தான் பண்ணாங்களா?"

"என்னை எதுக்குக் கேக்கணும்? அவ படிச்சவ."

"திங்கக்கிழமை மதியம் உள்ள போயிருக்கீங்க."

"போனேன். சாப்பிடப் பிடிக்கல. எல்லாம் வந்து சேந்திருக்கான்னு பாக்கப் போனேன்."

"வந்திருந்ததா?"

உறையை மடித்த கை ஒரு கணம் நின்றது. "எண்ணிக்கை சரியா இருந்தது," என்றாள் பெரியவள்.

"ஏதாவது மாத்தினீங்களா?"

"ஒரு எழுத்துகூடத் தொடல."

வெளியே வந்ததும் வாலால் தாங்க முடியவில்லை. மாடிப்படித் திருப்பத்தில் நின்றுவிட்டான்.

"மேடம், தப்பு வந்தது எல்லாம் பழைய வாடிக்கையாளர்களுக்கு. வந்த பவரும் அவங்களோட பழைய பவர்தான். புது ஆளுக்கு ஒண்ணுகூட இல்ல."

"இது எப்பத் தெரிஞ்சுது?"

"இப்பதான்." அவன் குறிப்பேட்டைப் பார்த்தான். பொய்யைக் காட்டிக்கொடுக்கும் நேரத்தை அவனே எழுதி வைத்திருந்தான். "முப்பத்தஞ்சு நிமிஷம் ஆச்சு மேடம்."

"ஏன் சொல்லல?"

"நீங்க பிஸ்கட் சாப்பிட்டுட்டு இருந்தீங்க."

மேடம் அவனைத் திரும்பிப் பார்த்தார். "பிஸ்கட் மேல உனக்கு இவ்வளவு பொறாமையா? வா, நேரமாச்சு."

அடித்திருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

சின்னவளிடம் அதைச் சொன்னபோது, அவள் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். தையல்காரரின் எண்ணைப் போட்டாள். திரையில் ஒரே எண்ணுக்கு நான்கு வரிகள் வந்தன. நான்கு வருடத்து நான்கு பரிசோதனைகள்.

"ஐயோ," என்றாள், மிக மெதுவாக.

"எங்களுக்கும் சொல்லும்மா."

"இயந்திரம் 'இந்த ஆளோட பவர் கொடு'ன்னு கேக்குது மேடம். இவருக்கு நாலு பவர் இருக்கு. எதுன்னு கேக்கல. கடைசியா எடுத்ததைக் கொடுன்னு சொல்ற வரி அதுல இல்லவே இல்ல. முதல்ல எது கைக்கு வருதோ அதை வாங்கிக்குது."

"பதினோரு வருஷமா சரியா வந்திருக்கே."

"பழைய வெர்ஷன் எப்பவும் கடைசி பரிசோதனையைத்தான் முதல்ல நீட்டிச்சு. யாரும் சொல்லல, அதுக்கு அப்படி ஒரு வழக்கம். புதுசுல நாலு ஆள் தேடறாங்க. யார் முதல்ல கொண்டு வர்றாங்களோ அது முதல்ல. ஒரு நேரம் புதுசு வரும், ஒரு நேரம் பழசு வரும். புது ஆளுங்களுக்கு இருக்கறதே ஒரு வரிதான், தப்பு வர வழியில்ல." அவள் நிமிர்ந்தாள். நடுக்கம் போய்க் குரலில் ஏதோ ஒன்று ஏறியிருந்தது. "ஆனா இந்த ப்ரோக்ராம் அக்கா எழுதினது. தப்பு அவங்களோடது. பதினோரு வருஷமா தெரியாமயே ஓட்டியிருக்காங்க."

"தெரியாமயா?" என்றார் மேடம். "அந்தப் பழைய கம்ப்யூட்டரை ஆன் பண்ணு."

மூலையில் துணி போர்த்தியிருந்த பெட்டி உறுமிக்கொண்டு எழுந்தது. சின்னவள் இரண்டு திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இடதுபக்கம் பழையது, வலதுபக்கம் புதியது. அட்டவணைகள் அறுபத்துமூன்று, இரண்டிலும். வரிகளின் எண்ணிக்கை ஒன்று பிசகவில்லை. வால் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் இரண்டு தாள்களை ஒப்பிட்டுப் பார்க்கத் தெரியும்.

"இடதுபக்கம் ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல ஏதோ பொடி எழுத்துல இருக்கே. வலதுபக்கம் மொட்டையா இருக்கு. அது என்ன?"

சின்னவள் காதோரப் பேனாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

மேடம் குனிந்து வாசித்தார். "'பிறந்த தேதி: தெரியாதவர்களுக்கு ஜனவரி ஒன்று போட்டிருக்கிறோம், நம்ப வேண்டாம்.' 'கடை எண் ஆறு: மூடிவிட்டோம், அழிக்காதீர்கள், பழைய கண்ணாடிகள் இன்னும் இதன்பேரில் இருக்கின்றன.' எல்லாத்துக்கும் கீழ 'மூ.ம.' அப்படின்னா?"

"மூத்த மருமகள்," என்றாள் சின்னவள்.

பரிசோதனை அட்டவணையின் குறிப்பை மேடம் உரக்க வாசித்தார். "'பவர் எடுக்கும் ப்ரோக்ராம் வரிசை சொல்லாமல் எடுக்கிறது. இந்த வெர்ஷனில் தானாகச் சரியாக வருகிறது. வெர்ஷன் மாற்றினால் எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத் திருத்தவும். மூ.ம.'"

வால் சுவரை நோக்கிப் போனான். பன்னிரண்டு படிகளில் மூன்றாவது, பழையதைக் கோப்பில் இறக்குவது. அதன் கீழே கட்டளை பொடியாக எழுதியிருந்தது. மற்ற வரிகளைவிட அது ஒரு சொல் நீளம்.

"இந்தக் கடைசிச் சொல் என்ன பண்ணும்?"

"குறிப்புகள் வேண்டாம்னு சொல்லும்," என்றாள் சின்னவள். அவள் பச்சைப் பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள். "சாதாரணமா குறிப்பும் சேந்துதான் வரும். வேண்டாம்னு நான்தான் போட்டேன். எதைத் திறந்தாலும் அவங்க குரல். நம்பாதே, அழிக்காதே, தொடாதே. மாமா என்கிட்ட கொடுத்த ஒரே வேலை இது. அதுக்குள்ளயும் அவங்களே உக்காந்திருந்தாங்க. புது வீட்டுக்குப் போறேன், சுண்ணாம்பு அடிச்சிட்டுப் போலாம்னு நெனச்சேன்."

"படிச்சுப் பாத்தியா?"

"முன்னூறு குறிப்பு மேடம். பத்துப் படிச்சேன். அதுக்கே கோபம் வந்துச்சு."

வால் எதிர்பார்த்த சந்தோஷம் இதுதான். அவன் சந்தேகப்பட்டவள், மேடம் மெச்சியவள், தானே ஒப்புக்கொண்டுவிட்டாள். சந்தோஷம் வந்தது. ஆனால் அரை நிமிடம்கூட நிற்கவில்லை.

ஐந்து மணிக்கு எல்லோரும் முதலாளியின் அறையில் இருந்தார்கள். பெரியவள் சாவியை ஏற்கனவே கையில் எடுத்து வைத்திருந்தாள். சின்னவள் கதவோரம் நின்றாள்.

மேடம் சுருக்கமாக முடித்தார். தவறு ஒன்பது நாற்பதுக்குத் தொடங்கிவிட்டது. பெரியவள் உள்ளே போனது ஒன்று பத்துக்கு. அதற்குள் ஒன்பது கண்ணாடிகள் கெட்டுவிட்டன. அவள் எதையும் தொடவில்லை. எச்சரிக்கையை எழுதி வைத்தது அவள், விட்டுவிட்டு வந்தது சின்னவள். வேண்டுமென்று யாரும் யாருடைய கண்ணையும் கெடுக்கவில்லை.

முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "பெரியவளே, நான் உன்னைத் தப்பா நெனச்சிட்டேன்மா. மன்னிச்சுக்கோ. சாவி உன்கிட்டயே இருக்கட்டும்." பிறகு கதவுப் பக்கம் திரும்பினார். அவர் முகம் மாறியது. "நீ மேல போ. நாளையிலேருந்து கீழ வர வேண்டாம்."

சின்னவள் தலையைக் குனிந்தாள்.

வால் பெரியவளைப் பார்த்தான். மன்னிப்புக் கேட்கப்பட்டவளின் முகம் இல்லை அது. நல்ல செய்தி கேட்டவர்கள் மூச்சு விடுவார்கள். அவள் விடவில்லை. எண்ணிக்கை சரியா இருந்தது என்று சொன்னாளே தவிர, எல்லாம் வந்திருந்தது என்று சொல்லவே இல்லை.

முப்பத்தைந்து நிமிடம் ஒரு விஷயத்தை வாய்க்குள் வைத்திருந்தால் முகம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். மதியம் மாடிப்படியில் அவனுக்கே அந்த முகம்தான் இருந்திருக்கும். அவன் இப்போது பேசினால் யாருக்கு லாபம் என்பதும் தெரிந்தது. பேசாமல் இருந்தால் மேடத்தின் மெச்சுதலோடு அந்தப் பச்சைப் பேனா மாடியோடு போய்விடும். இது என் ஊகம்தானே, தப்பாக இருந்தால், என்று ஒரு முறை யோசித்தான். இரண்டாவது முறை யோசிப்பதற்குள் வாய் திறந்துவிட்டது.

"அக்கா, ஒரு கேள்வி. திங்கக்கிழமை ஒண்ணு பத்துக்கு உள்ள போனீங்க. குறிப்பு எதுவும் வரலன்னு பாத்தீங்க. சரியா?"

"வால்," என்றார் மேடம். தடுக்கும் குரல் இல்லை அது. அவரும் அப்போதுதான் யோசனையில் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்.

"பாத்தேன்," என்றாள் பெரியவள்.

"அதுல கண் பவர் குறிப்பும் இல்லன்னு தெரியும். அதை எழுதினதே நீங்க. என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாம இருக்க முடியாது."

"தெரியும்."

"ஒன்பது உங்க கணக்குல வராது. அதுக்கப்புறம் தேச்சது முப்பத்திரண்டு. அந்த ஓட்டுநருடையது செவ்வாய்க்கிழமை தேச்சது."

முதலாளி மெதுவாக மறுபடி உட்கார்ந்தார்.

பெரியவள் சாவியை மேசைமேல் வைத்தாள். "நாப்பது நிமிஷம் உள்ள உக்காந்திருந்தேன். பதினோரு வருஷம் எழுதினது ஒரு வரிகூட இல்ல. முதல்ல அழுகை வந்துச்சு. அப்புறம், சரி, அவளே வரட்டும்னு தோணுச்சு. தப்பு வரும், என்கிட்ட வந்து கேப்பா, அப்ப சொல்லிக்கலாம்னு. திங்க சாயங்காலம் வருவான்னு பாத்தேன். செவ்வாய் வருவான்னு பாத்தேன். ஆளுக்கு அடிபடும்னு நெனக்கல. லென்ஸ்தானேன்னு நெனச்சேன்."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா அக்கா?" என்று சின்னவள் கதவோரத்திலிருந்து கேட்டாள்.

"ஓடி வந்திருப்பேன்."

"எனக்கு அதுதான் பயம். நீங்க ஓடி வந்துடுவீங்க, மாமா உங்களைத்தான் பாப்பாரு."

"மாமா ஒரு மாசமா உன்னை மட்டும்தான் பாக்கறாரு. உனக்கு அது தெரியலன்னா அந்த நாப்பதுல ஒரு கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கோ."

"நாப்பத்தொண்ணு," என்றான் வால், தன்னையறியாமல்.

முதலாளி மேசையில் கையூன்றினார். "போதும். ரெண்டு பேருமே வேண்டாம். ஆளுக்கு ஒரு பக்கம் பொறாமையை வச்சுக்கிட்டு என் பேரைக் கெடுத்தது போதும். வெளியிலேருந்து ஒரு ஆளைப் போட்டுக்கறேன்." அவர் கை சாவியை நோக்கி நீண்டது.

"மாமா," என்றாள் சின்னவள். சொல்ல வந்ததைச் சொல்ல அவள் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. "அந்த ஒரு வரியை நான் இப்பவே சேத்துடுவேன். ஆனா பழைய வெர்ஷன் வழக்கத்தை நம்பி இன்னும் எங்கெங்க விட்டிருக்குன்னு எனக்குத் தெரியாது. வெளியாளுக்கும் தெரியாது. அக்கா இல்லாம என்னால முடியாது."

"குறிப்புதான் பழைய பெட்டியில அப்படியே இருக்கே?" என்றார் முதலாளி.

"வரிசை சொல்லாம விட்ட இடத்துல அது ஒண்ணைத்தான் எழுதினேன்," என்றாள் பெரியவள். யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள். "எல்லாத்தையும் எழுதிட்டா அப்புறம் நான் எதுக்குன்னு மீதியைத் தலையிலயே வச்சுக்கிட்டேன். இன்னும் பதினாறு இடம் இருக்கு."

முதலாளியின் கை சாவிக்கு ஒரு சாண் தள்ளி அப்படியே நின்றது.

"பதினாறா?"

"ஒண்ணு ஆஸ்பத்திரிக்குப் போற லென்ஸ் மாமா. கண் ஆபரேஷன் பண்ணவங்களுக்கு. வர்ற திங்கக்கிழமை தேய்க்கணும்."

முதலாளி கையை இழுத்துக்கொண்டார். சின்னவள் கதவோரத்தை விட்டு வந்து மேசையருகே நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒரு வெள்ளைத் தாளில் ஒன்று முதல் பதினாறு வரை எண் போட்டாள். இன்னொரு நாற்காலியைப் பெரியவள் தானே இழுத்துக்கொண்டாள். இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவே ஒரு ஆள் உட்காரும் இடைவெளி இருந்தது.

"முதல்ல ஆஸ்பத்திரி. எழுதிக்கோ."

"மெதுவாச் சொல்லுங்க. என்ன அட்டவணை?"

"மெதுவாத்தான் சொல்றேன். நீ எழுதறதுதான் கோலம் போடற மாதிரி இருக்கு."

"புரியற மாதிரி எழுதினா பிடிக்காதே உங்களுக்கு."

மேடம் கைப்பையை மூடிக்கொண்டு எழுந்தார். வால் நகராமல் நின்று அந்த இரண்டு தலைகளையும் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவது எண்ணுக்கு வருவதற்குள் அவர்களுக்குள் நான்கு சண்டை முடிந்திருந்தது. அவனுக்கு மறுபடி அதே எரிச்சல் லேசாகத் தொடங்கியது. எதன்மேல் என்று குறிப்பேட்டைத் திறக்காமலே இந்த முறை புரிந்தது. இப்படி உட்கார்ந்து சண்டை போட அவனுக்கு அலுவலகத்தில் ஒரு ஆள் கிடையாது.